ஆய்வு முடிவை மக்களிடம் கொண்டுபோவது: எளிய தமிழ் மட்டும் போதுமா?

பிப்ரவரி 4, மாலை 6.10 (கேள்வி)

பொதுச் சுகாதார ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில், காசு கட்டினால் மட்டும் திறக்கிற பக்கங்களில் கிடக்கின்றன. பத்துப் பேர் உட்கார்ந்து எளிய தமிழில் மாற்றிப் போட்டால் வேலை முடிந்தது. இதில் அப்படி என்ன கஷ்டம்?

பிப்ரவரி 4, இரவு 9.35

முடியாது. மொழி இரண்டாவது தடைதான். முதல் தடை எண்.

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது: மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டி அபாயம் இரு மடங்காகிறது. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் அந்த இரு மடங்கு என்பது 7000 பெண்களில் ஒருவருக்கு வந்தது 7000 பெண்களில் இருவருக்கு வந்ததுதான். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏராளம். அதைத் தொடர்ந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாகக் கணக்கிட்டார்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் ரத்தக்கட்டி வரும் அபாயம் அந்த மாத்திரையில் இருந்ததைவிட அதிகம் என்பது இதில் தனிக் கொடுமை.

அந்த வாக்கியத்தை எவ்வளவு எளிய தமிழில் பெயர்த்தாலும் அதே கதிதான்.

பிப்ரவரி 4, இரவு 10.20

செய்முறையைக் கேட்டதால் சொல்கிறேன். கட்டுரையைத் திறந்ததும் சுருக்கத்தை நம்பி எழுத உட்காராதீர்கள். அட்டவணைகளுக்குப் போய் நான்கு விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: யாரை ஆராய்ந்தார்கள் (வயது, ஆண் பெண், ஏற்கெனவே நோய் உள்ளவர்களா), எத்தனை பேரை, எவ்வளவு காலம், ஒப்பிடப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது. நான்காவதுதான் அடிப்படை அபாயம். செய்திகளில் காணாமல் போவதும் அதுதான்.

பிறகு பெருக்கல். அடிப்படை 1000 பேரில் 4, காலம் 10 ஆண்டு, கட்டுரை சொல்வது "50 சதவீதம் அதிகம்" என்று வைத்துக்கொள்வோம். 4 என்பது 6 ஆகிறது. எழுத வேண்டிய வரி: "இப்படிப்பட்ட 1000 பேரைப் 10 ஆண்டு கவனித்தால் வழக்கமாக 4 பேருக்கு இந்த நோய் வரும். இந்தப் பழக்கம் இருந்தால் 6 பேருக்கு வரும். 994 பேருக்கு வராது." கடைசிச் சிறு வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். அதுதான் பயத்தைச் சரியான அளவில் நிறுத்துகிறது.

பிப்ரவரி 5, காலை 7.15

மேலே சொன்ன பெருக்கலில் ஓட்டை இருக்கிறது என்று ஒருவர் தனிச்செய்தியில் பிடித்துவிட்டார். சரிதான். கட்டுரை தருவது அபாய விகிதமாக (நோய் வந்தவர்களை மொத்தப் பேரால் வகுத்து, அதை இரு குழுவிலும் ஒப்பிடுவது) இருந்தால்தான் நேராகப் பெருக்கலாம். பல கட்டுரைகள் தருவது வாய்ப்பு விகிதம். வந்தவர்களை வராதவர்களால் வகுத்து, அதை இரு குழுவிலும் ஒப்பிடுவது. நோய் அரிதாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், பிரச்சினை இல்லை. பரவலான நோயில் கவிழ்த்துவிடும்.

1000 பேரில் 400 பேருக்கு வரும் நோய், வாய்ப்பு விகிதம் 2. நேராகப் பெருக்கினால் 800. சரியான வழி: வந்தவர் 400, வராதவர் 600. வந்தவர்களை மட்டும் இரட்டித்தால் 800க்கு 600. கூட்டினால் 1400. அதில் 800 என்பது ஆயிரத்துக்கு 571. ஆகவே 400 என்பது 571 ஆகிறது. "இரண்டு மடங்கு" என்று தலைப்புப் போட்டிருந்தால் அது தவறு. பத்தில் ஒருவருக்கும் மேல் வரும் நோய் என்றால் இந்த வழியையே பிடியுங்கள்.

பிப்ரவரி 5, மதியம் 1.40

சிறு குறிப்பு. "384இல் ஒருவருக்கு", "112இல் ஒருவருக்கு": எது பெரிய அபாயம்? 1999இல் வெளியான ஓர் ஆய்வில் பெண்களிடம் இதைக் கேட்டார்கள். அதையே "ஆயிரத்தில் 2.6", "ஆயிரத்தில் 8.9" என்று கேட்டபோது சரியாகச் சொன்னவர்கள் அதிகம். பெரிய எண் கண்ணில் பட்டால் பெரிய அபாயம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே "எத்தனை பேரில்" என்ற எண்ணைத் தாள் முழுக்க மாற்றக் கூடாது. ஆயிரம் என்றால் கடைசிவரை ஆயிரம்.

நேற்று நான் எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். நல்லவேளை, இரண்டு இடத்திலும் 7000.

பிப்ரவரி 6, இரவு 8.50

இப்போது மொழிக்கு வருவோம். தமிழில் எழுதும்போது இடறும் இடங்கள்.

"கட்டுப்பாட்டுக் குழு". ஆய்வில் மருந்து பெறாத, ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் குழுவுக்கு அகராதி தரும் சொல் இது. படிப்பவர் யாரோ அதிகாரிகள் உட்கார்ந்து கட்டுப்படுத்தும் கமிட்டி என்று நினைப்பார். "ஒப்பீட்டுக் குழு" என்றால் தீர்ந்தது. "இரட்டைக் குருட்டு ஆய்வு" என்று எழுதியதையும் பார்க்கலாம். இரண்டு குருடர்கள் ஆய்வு செய்தார்களா? "யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது" என்று விரித்து எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.

"குறிப்பிடத்தக்க வேறுபாடு" இதைவிட ஆபத்தானது. புள்ளியியலில் அதற்குப் பொருள், இந்த வேறுபாடு வெறும் தற்செயலால் வந்திருப்பது கடினம் என்பது மட்டுமே. ரத்த அழுத்தம் 1 மில்லிமீட்டர் குறைந்தாலும், ஆய்வில் ஆள் அதிகம் என்றால் அது "குறிப்பிடத்தக்கது" ஆகிவிடும். படிப்பவரோ பெரிய வேறுபாடு என்று எடுத்துக்கொள்வார்.

"நேர்மறை". பரிசோதனை முடிவு நேர்மறை என்றால் நல்ல செய்தி போலவே ஒலிக்கிறது. "நோய் இருப்பதாகக் காட்டுகிறது" என்று எழுதலாம். அதிலும் "காட்டுகிறது" என்பதில் கவனம் வேண்டும். 1000 பேரில் 10 பேருக்கு நோய் உண்டு, பரிசோதனை அதில் 9 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 990 பேரில் 89 பேரையும் தவறாகப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் மாட்டியவர் 98, உண்மையில் நோய் உள்ளவர் 9. "90 சதவீதம் துல்லியமான பரிசோதனை" என்று மட்டும் எழுதினால் மாட்டிய 98 பேரும் அன்றிரவு தூங்க மாட்டார்கள்.

"நோய் வரும் வாய்ப்பு" என்பதும் எனக்குப் பிடிக்காது. வாய்ப்பு என்றால் கிடைத்தால் நல்லது என்ற வாடை அடிக்கிறது. (நேற்று "வாய்ப்பு விகிதம்" என்று நானே எழுதினேன். கலைச்சொல் அப்படி அமைந்துவிட்டது, மக்களுக்கான தாளில் அது வரவே கூடாது.)

பிப்ரவரி 6, இரவு 11.05

ஒன்று விட்டுப்போனது. 2015 அக்டோபரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றுக்கான முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உடனே "இறைச்சியும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்து" என்று தலைப்புகள். அந்தப் பிரிவு காட்டுவது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது காட்டாது. தினமும் 50 கிராமுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்ற எண்ணும் அதே அறிவிப்பில் இருந்தது. அடிப்படையைத்தான் பலரும் போடவில்லை. இங்கே சிக்கல் மொழிபெயர்ப்பில் இல்லை.

பிப்ரவரி 8, மாலை 5.30

"சரி, எண்ணும் சொல்லும் சரிசெய்தாகிவிட்டது, இப்போதாவது போய்ச் சேருமா?" என்று கேட்டிருக்கிறார் கேள்வியைத் தொடங்கியவர். இதற்கு வங்காளதேசத்தைப் பார்க்க வேண்டும்.

பேதியில் இறக்கும் குழந்தையை உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் காப்பாற்றும் என்பது 1960களின் இறுதியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகளில் உறுதியானது. கட்டுரைகள் வந்தன, மருத்துவர்கள் படித்தார்கள், குழந்தைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். 1980இல் பிராக் என்ற வங்காளதேசத் தொண்டு நிறுவனம் பெண் பணியாளர்களை வீடுவீடாக அனுப்பத் தொடங்கியது. பத்தாண்டில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள்.

அளவு இதுதான்: மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வீட்டில் அளவுக் கரண்டி இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மா தன் கையாலேயே அள்ளி, தன் பாத்திரத்திலேயே கலக்க வேண்டும், பணியாளர் கலந்து காட்டிவிட்டுப் போகக் கூடாது. நினைவில் வைக்க வேண்டியவற்றை முதலில் பத்தாக வைத்திருந்தார்கள், பிறகு ஏழாகக் குறைத்தார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி சம்பளம். சில நாள் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குப் போவார். அம்மாவுக்கு எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார், கரைசலைக் கலக்கச் சொல்லி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். கற்றுக்கொடுத்தவரின் சம்பளம் அந்த முடிவைப் பொறுத்தது. எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்ற கணக்குக்குக் காசு கிடையாது.

பிப்ரவரி 8, இரவு 9.00

மேலே உள்ளதைப் படித்தால் வெற்றிக்கதை போல இருக்கிறது. பாதிதான் சொன்னேன். அம்மாக்கள் கரைசலைச் சரியாகக் கலந்தார்கள், ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது பலர் கொடுக்கவில்லை. ஏன் என்று தோண்டியபோது வந்த காரணங்களில் ஒன்று ஒரு சொல். பணியாளர்கள் "டயேரியா" என்றார்கள். ஊர் மக்களுக்கு வயிற்றால் போவது நான்கு வகை, நான்குக்கும் தனித்தனிப் பெயர். "டயேரியா" என்பது அதில் காலரா போன்ற கடுமையான வகைக்கு மட்டும். மற்ற மூன்றுக்கும் இந்தத் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். இன்னொரு காரணம், ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. வைத்தியத்தை முடிவு செய்வது அவர்கள். கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அந்தத் தண்ணீரில் நம்பிக்கை இல்லை என்பதும் தெரியவந்தது. அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், நோயாளி எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள்.

நம் மொழியிலும் இதே பள்ளம் உண்டு. "வயிற்றுப்போக்கு" என்பது அச்சுத் தமிழ். பேசும்போது பேதி, கழிச்சல், சீதபேதி, குழந்தைக்கு மாந்தம். மாந்தம் என்று அழைக்கும் வீட்டில் "வயிற்றுப்போக்குக்கான கரைசல்" என்ற தாளை வைத்தால் அது வேறு யாருக்கோ வந்த கடிதம். தாளில் எல்லாப் பெயரையும் வரிசையாகப் போட்டுவிடுங்கள், அழகு கெட்டாலும்.

பிப்ரவரி 9, காலை 8.25

"அப்படியானால் கரைசல் பற்றியே ஒரு தாள் போடலாமே" என்று ஒருவர். போடலாம், ஆனால் எங்கே தவறும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

வீட்டில் கலப்பது: சுத்தமான தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கரண்டி தலைதட்டியதாக இருக்க வேண்டும். "தலைதட்டி" என்ற சொல் இல்லாமல் அச்சடித்தால் கும்பாரமாக அள்ளுவார்கள். சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும், உப்பு கூடினால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகலாம். உப்பு அளவையும் சர்க்கரை அளவையும் ஒரே வரியில் போட்டால் இடம் மாறிப் படிப்பவர் இருப்பார்கள். தனித்தனி வரி, தனித்தனிப் படம்.

கடைப் பொட்டலம் என்றால் வேறு தவறு. 1 லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டுவது, அல்லது பொட்டலத்தில் கால்பங்கை மட்டும் எடுத்துக் குத்துமதிப்பாகக் கலப்பது. சிறிய அளவுப் பொட்டலங்களும் இருப்பதால் குழப்பம் கூடும். ஆகவே முதல் வரியே "பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள்" என்று இருக்கட்டும்.

பிப்ரவரி 11, இரவு 7.45

எழுத்தே இல்லாமல் ஆய்வு முடிவைச் சொன்ன இடமும் வங்காளதேசம்தான். குழாய்க்கிணறுகளில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது தெரிந்ததும் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, குழாயின் மேலேயே வண்ணம் பூசினார்கள். சிவப்பு என்றால் குடிக்காதே, பச்சை என்றால் குடி. சுமார் 14 லட்சம் கிணறு சிவப்பு. முடிவு எங்கே தேவையோ அங்கேயே, தண்ணீர் எடுக்கும் கைக்குப் பக்கத்தில் இருந்தது. இதைவிடச் சிறந்த "வெளியீடு" எனக்குத் தெரியவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டின் வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு 10. ஆக 45 உள்ள கிணறும் பச்சை, 2 உள்ள கிணறும் பச்சை. 55 உள்ளதும் சிவப்பு, 500 உள்ளதும் சிவப்பு. வண்ணம் மங்கும். அதன்பின் தோண்டிய புதுக் கிணறுகளுக்கு வண்ணமே இல்லை. எந்த நிறமும் இல்லாவிட்டால் மனிதர்கள் அதைப் பச்சையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சிவப்புப் பூசினால் எல்லோரும் மாறிவிட்டார்களா? நடக்கும் தூரத்தில் ஒரு பச்சைக் கிணறு இருந்தவர்கள் நிறைய மாறினார்கள், இல்லாதவர்கள் சிவப்பிலேயே குடித்தார்கள். "குடிக்காதே" என்பதோடு "அதற்குப் பதில் எங்கே" என்பதும் அதே இடத்தில் தெரிந்தாக வேண்டும்.

பிப்ரவரி 12, காலை 6.50

வரைவைச் சோதிப்பது பற்றி. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். உலகத்தில் எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள், முக்கியமாகப் புரியாதவர்கள்.

ஒருவர் ஒருவராக ஐந்தாறு பேர் போதும். தாளைக் கொடுத்துப் படிக்கவிட்டு, வாங்கி வைத்துவிடுங்கள். "வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவருக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பயன்படுத்தும் சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வரைவில் உங்கள் சொல்லைத் தூக்கிவிட்டு அதைப் போடலாம். பிறகு, "நாளைக் காலை இதனால் என்ன செய்வீர்கள்?" பதில் வரவில்லையென்றால் தாளில் குறை. கடைசியாக, "இது யாருக்காக எழுதியது?" என்று கேளுங்கள். "படிக்காதவர்களுக்கு" என்று பதில் வந்தால் உங்கள் தொனி மட்டம் தட்டுகிறது. மூன்று பேர் ஒரே வரியில் தடுக்கினால் அந்த வரியை மாற்றி, புதிதாக மூன்று பேரிடம் போங்கள். பழைய ஆட்கள் இப்போது பாடம் படித்தவர்கள், உதவாது.

ஆங்கிலத்துக்கான வாசிப்பு எளிமைச் சூத்திரத்தில் தமிழைப் போட்டுப் பார்க்க வேண்டாம். அது சொல்லின் அசைகளை எண்ணும். "போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" நமக்கு ஒரு சொல், ஒரு குழந்தைக்கும் புரியும் சொல். சூத்திரமோ மயங்கி விழும்.

பிப்ரவரி 12, இரவு 10.10

படம் போட்டால் போதும் என்பவர்களுக்குப் பொதுச் சுகாதார வகுப்புகளில் சொல்லும் பழைய துணுக்கு: சுவர் அளவு கொசுவின் படத்தைக் காட்டி மலேரியா பற்றிப் பேசினார்களாம். "நல்லவேளை, எங்கள் பக்கம் இவ்வளவு பெரிய கொசு இல்லை" என்று கலைந்து போனார்களாம்.

அபாயத்துக்குப் படம் வேண்டுமென்றால் 100 அல்லது 1000 புள்ளிகள். நோய் வருபவர்களை ஒரே மூலையில் சேர்த்து நிறம் கொடுங்கள். அங்கங்கே தூவினால் உண்மைக்கு நெருக்கமாகத் தெரியும், ஆனால் எண்ண முடியாது.

பிப்ரவரி 13, மதியம் 12.30

"வரைபடம் போடுங்கள், ஜான் ஸ்நோ செய்தது போல" என்று எழுதியிருப்பவருக்கு. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா சாவுகளை அந்த மருத்துவர் வீட்டு வாசல் வாசலாகக் கோடு போட்டுக் காட்டினார். இன்று அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சிறிய ஊரில் "காசநோய்: 2" என்று ஒரு தெருவில் புள்ளி வைத்தால் அந்த இருவர் யார் என்று தெருவுக்கே தெரியும். எண்ணிக்கை 5க்குக் குறைவாக உள்ள இடத்தில் எண்ணை மறைப்பது அல்லது பக்கத்துப் பகுதியோடு சேர்ப்பது வழக்கம். இடையில் ஒன்றை மட்டும் மறைத்துவிட்டு மொத்தத்தைக் கீழே போட்டால் கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு கட்டங்களையாவது மறைக்க வேண்டும்.

இன்னொன்று: செப்டம்பர் 8இல், காலராவைப் பரப்பிய பிராட் தெரு அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மக்கள் ஊரைவிட்டு ஓடியதால் சாவுகள் அதற்கு முன்பே குறைந்துகொண்டிருந்தன என்று எழுதியவர் ஸ்நோவேதான். நல்ல கதைக்காக அவர் வரியை நாம் வெட்டக் கூடாது.

பிப்ரவரி 15, இரவு 9.20

கோப்பு விஷயம், வேகமாக. பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் போட்டால் தேடலில் வராது, பார்வையற்றோரின் திரைவாசிப்பான் உளறும். எழுத்தைப் படமாக்கிப் போட்டாலும் அதே கதை. எழுத்து அளவு 14 புள்ளி. வண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள். தாள் ஜெராக்ஸ் ஆகும்போது சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். நிறத்தோடு சொல்லும் இருக்கட்டும்.

குரல் பதிவாக அனுப்பினால் ஒன்றரை நிமிடம், எண் இரண்டுக்கு மேல் வேண்டாம். "2.6" காதில் நிற்காது, "ஆயிரத்தில் இரண்டு மூன்று பேர்" நிற்கும்.

பிப்ரவரி 16, காலை 7.40

இவ்வளவு பேசியும் ஒருவரை மறந்துவிட்டோம்: ஆய்வுக்கு ரத்தமும் நேரமும் கொடுத்தவர். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறி வகுக்கும் ஹெல்சின்கி பிரகடனத்தின் 2013 திருத்தமே தெளிவாகச் சொன்னது, ஆய்வின் பொதுவான முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்ற தெரிவு பங்கேற்றவர்களுக்குத் தரப்பட வேண்டும். நடைமுறையில் ஒப்புதல் படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கும், டிக் அடிப்பார்கள், முடிவு வரும் நேரத்தில் நிதி தீர்ந்திருக்கும். ஆய்வுத் திட்டத்தின் செலவுப் பட்டியலிலேயே அச்சு, பயணம், ஒரு கூட்டம் என்று தனி வரி போட்டால்தான் நடக்கும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பிப்ரவரி 18, மாலை 6.35

கேள்வி கேட்டவர் தன் முதல் தாளின் வரைவைப் போட்டிருக்கிறார். எண்கள் சரி, "தலைதட்டி" இருக்கிறது, நான்கு பெயரும் இருக்கின்றன. ஒன்று மட்டும் சேர்க்கச் சொல்வேன்: தேதி.

உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தின் கலவையையே 2002இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றியது. லிட்டருக்கு 90 மில்லிமோல் இருந்த சோடியம் 75 ஆனது. பழைய கலவையைச் சொல்லும் தாள் எத்தனை சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறதோ. குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாம் என்ற அறிவுரை அதைவிட மோசம். தூங்கும் குழந்தையின் திடீர்ச் சாவோடு அதற்குள்ள தொடர்பு 1970 வாக்கிலேயே ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்ற இயக்கங்கள் பெரும்பாலும் 1990களில்தான் வந்தன. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய கையேடுகள் வீடுகளில் இருந்தன, எவற்றிலும் "இதுவரைதான் செல்லும்" என்று போட்டிருக்கவில்லை.

ஆகவே தாளின் அடியில், சின்ன எழுத்தில் இல்லாமல், இரண்டு வரி: "இது இந்த மாதம் வரை வந்த ஆய்வுகளைப் பார்த்து எழுதியது. மூன்று ஆண்டு கழித்தும் இந்தத் தாள் சுவரில் இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதைக் கேளுங்கள்." மாதத்தையும் ஆண்டையும் எண்ணால் எழுதுங்கள். "அண்மையில்" என்று எழுதினால் அந்தத் தாள் என்றைக்கும் அண்மையாகவே இருக்கும்.